ஒரே களிமண்ணின் இரு பாதிகள்

மன்னூபியா தன் கணவனின் பெயரை அச்சேற்றுவதற்குப் பட்ட பாடு, தன் முனைவர் பட்டத்துக்குப் பட்ட பாட்டைவிடப் பெரிது. ஷாத்லி, துனிஸ் மாநகரில் அவள் பணிபுரிந்த நிலவியல் துறையின் வண்டியோட்டி. களப்பணி நாள்களில் வண்டியை நிறுத்தியதும் மண்வெட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவளுக்கு முன்னே ஓடையில் இறங்குகிறவன் அவன்தான். மழை கரைத்து மூடிய சரிவைச் செதுக்கி, காற்றும் வெயிலும் தீண்டாத பழைய களிமண்ணை வெளிக்கொணர்வது அவன் வேலை. அதனை அடுக்கடுக்காக வெட்டியெடுப்பது அவள் வேலை. ஆகவே, ஆய்வுக்கட்டுரை எழுதி முடிந்தபோது ஆசிரியர் வரிசையில் தன் பெயருக்கு அடுத்ததாக அவன் பெயரை எழுதினாள்.

துறைத் தலைவர் துஹாமி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சிரித்தார்.

"ஏம்மா மன்னூபியா, வண்டி ஓட்டினவன் பேரப் போட்டா வண்டி பேரையும் போடணுமே? அதுவும் கூடத்தான வந்துச்சு!"

"வண்டி குழி வெட்டலையே, ஸி துஹாமி." அவ்வூரில் 'ஸி' என்றால் 'ஐயா'; பெண்களுக்கு 'லெல்லா'.

"கடைசியில நன்றின்னு ஒரு வரி எழுதிட்டாப் போதாதா? ஊரு சிரிக்கும்மா."

"நன்றி சொல்றது வெளியாளுக்கு. இவரு உள்ளாளு."

அவர் விட்டுக்கொடுத்தார். ஆனால் ஷாத்லி அந்தப் பக்கத்தைப் பார்க்கவில்லை. கட்டுரை அச்சேறுவதற்கு முன்பே, ஒரு வெள்ளிக்கிழமை முற்பகலில், வாடகை வேன்கள் புறப்படும் நிலையத்தில், மார்பைப் பிடித்துக்கொண்டு நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தவன் மீண்டும் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். அவனுக்கும் மன்னூபியாவுக்கும் பிள்ளை இல்லை. அவன் பெயர் பொறித்த பொருளென்று உலகத்தில் மிஞ்சியவை இரண்டே: கல்லறைக் கல்லும் அந்தக் கட்டுரையும்.

கட்டுரையின் படியொன்றை அவனுடைய அக்காள் வஸீலா கேட்டு வாங்கிக்கொண்டாள். தாயை இழந்த தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் அவள். காஃப் நகரத்தின் மேல்தெருவில் மண்ணடுப்பு ரொட்டி சுட்டு விற்றாள். எழுத்தறியாதவள், ஆயினும் ரொட்டி வாங்க வருகிறவர்களிடமெல்லாம், மாவு படாமல் முழங்கைகளால் அந்தத் தாளை இடுக்கி எடுத்து நீட்டுவாள். "எந்த வரின்னு கேக்காதீங்க. எங்கயோ இருக்கான்" என்பாள்.

அந்த நகரத்துக்கு வெளியே, கோதுமை வயல்களுக்கு அப்பால், சாம்பல் நிறச் சரிவுகளுக்கிடையில் ஓர் ஓடை உண்டு. அங்கே களிமண்ணின் நடுவே, நகத்தின் கனமே உள்ள துருநிறக் கோடொன்று ஓடுகிறது. கோட்டுக்குக் கீழே உள்ள மண்ணைக் கரைத்து உருப்பெருக்கியில் பார்த்தால், பழைய கடலில் மிதந்து வாழ்ந்த நுண்ணுயிர்களின் ஓடுகள் சந்தைக் கூட்டம்போல் நெருங்கிக் கிடக்கும். கோட்டுக்கு மேலே சந்தை கலைந்துவிடும். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குறுகிய சில ஓடுகளே தென்படும். விண்கல் விழுந்து உலகத்து உயிர்களில் பெரும்பகுதி மடிந்த காலத்தின் கோடு அது. அதனைக் காணப் பல நாட்டார் வருவார்கள். மண்ணின் நயத்தை அறியச் சிறு துண்டைப் பல்லிடையே வைத்துக் கடித்துப் பார்ப்பார்கள். ஆடு மேய்ப்பவர்கள் அவர்களுக்கு 'மண்தின்னிகள்' என்று பெயரிட்டிருந்தார்கள். ஷாத்லி வீட்டில் ரொட்டி தீய்ந்துவிட்டால், "பரவாயில்ல, எம் பொண்டாட்டி மண்ணே தின்னுவா" என்று சொல்லிக்கொண்டு அதனைத் தானே எடுத்துக்கொள்வான்.

மன்னூபியாவின் கேள்வி விண்கல்லைப் பற்றியதன்று. அது விழுவதற்கு முன்பே கடல் நோயுற்றிருந்ததா என்பதே அவள் கேள்வி. அக்காலத்தில் இந்தியாவின் தக்காணத்தில் எரிமலைகள் நெடுங்காலம் குமுறிக்கொண்டிருந்தன. எரிமலை மூச்சு விட்டால் அதனுடன் பாதரசமும் ஆவியாகக் கிளம்பும். காற்றில் உலகம் சுற்றி மழையோடு கடலில் இறங்கும். செத்த உயிர்களின் மக்கலோடு ஒட்டிக்கொண்டு அடிச்சேற்றில் படியும். சேறு இறுகிக் களிமண்ணாகும். அந்தக் களிமண்ணைச் சூடேற்றி எழும் பாதரசத்தை அளந்தால், எரிமலையின் மூச்சு எந்த அடுக்கில் மிகுந்தது என்று தெரியும். மன்னூபியா அளந்தாள். துருக்கோட்டுக்குச் சற்றுக் கீழே பாதரசம் மெல்ல ஏறி, உச்சம் தொட்டு, மெல்ல இறங்கியது. அடி விழுமுன்னரே கடல் நலிந்திருந்தது என்று அதற்குப் பொருள். அதுவே கட்டுரையின் உயிர்.

இத்தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வெட்டியெடுத்த ஒவ்வொரு கட்டியையும் அங்கேயே இரண்டாகப் பிளப்பார்கள். ஒரு பாதி அளப்பதற்கு. மறுபாதி, பின்னாளில் எவரேனும் ஐயுற்றால் எடுத்துக் காட்டுவதற்கு. மன்னூபியாவின் பாதிகள் அவள் தோள்பையில் வரும். மறுபாதிகளை ஷாத்லி வண்டியிலிருக்கும் தகரப்பெட்டியில் அடுக்குவான். துறையின் கிடங்குக்குப் போனபின் அந்தப் பெட்டியை எவரும் திறப்பதில்லை.

போலந்து நாட்டு ஆய்வாளர் ஒருத்தி அந்த மறுபாதிகளைக் கேட்டாள். வேறொரு முறையில் அளந்து, மன்னூபியாவின் முடிவுக்கு வலுச்சேர்ப்பதே அவள் நோக்கம். மன்னூபியா மகிழ்ச்சியோடு அனுப்பிவைத்தாள். சில வாரங்களில் மறுமொழி வந்தது; மிகவும் பணிவான மறுமொழி. தன்னால் ஏற்றம் எதையும் காண முடியவில்லை என்றும், பிழை தன்னுடையதாகவே இருக்கக்கூடும் என்றும் எழுதியிருந்தாள்.

பிழை அவளுடையதாகவே இருக்கட்டும் என்று மன்னூபியா வேண்டிக்கொண்டாள். பெட்டியில் மிஞ்சியிருந்த துணுக்குகளை எடுத்துத் தன் கருவியிலேயே, தன் கையாலேயே அளந்தாள். திரையில் வரைகோடு சமதரையாகக் கிடந்தது. அதே கருவியில் தன் பாதிகளின் பொடியை மீண்டும் இட்டாள். அதே மலை எழுந்தது. ஒரே களிமண், ஒரே வெட்டில் பிரிந்த இரு பாதிகள், ஒன்றில் பாதரசம் உண்டு, மற்றொன்றில் இல்லை. கடல் அப்படி இரண்டு விதமாகப் பேசாது. ஏதோ ஒன்று பின்னால் வந்து சேர்ந்திருக்கிறது.

ஏற்றம் பொய்யென்றால் கட்டுரை போகும். கட்டுரை போனால் அதிலிருக்கும் பெயரும் கெடும். அவள் அன்று மாலை ஆய்வுக்கூடத்தின் கழுவுதொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றது அறிவியலுக்காக அன்று.

துஹாமி பிழையின் வேரை ஒரு நொடியில் கண்டுபிடித்துவிட்டார். ஆய்வுக்கூட உதவியாளன் ஃபர்ஜானி முந்தைய ஆண்டில் பழைய வெப்பமானி ஒன்றை உடைத்திருந்தான். அதில் இருந்தது பாதரசம். அவன் அறை வாயிலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"உடைச்சது நான்தான், இல்லேங்கல. ஆனா அது அடுத்த ரூம்ல! கந்தகப் பொடி தூவி, கூட்டி அள்ளி, சீசாவுல போட்டு மூடி... லெல்லா மன்னூபியா, நீங்களே பாத்தீங்களே? சொல்லுங்களேன்!"

"பாத்தேன், ஃபர்ஜானி. பயப்படாதே."

"அவன் பயப்படட்டும்மா," என்றார் துஹாமி. "நாலு வரியில முடிஞ்சிரும். உதவியாளர் கவனக்குறைவு, வருந்துகிறோம். துறைக்கும் கௌரவம், உனக்கும் கௌரவம்."

"அந்த ரூம்ல வேற மண் மாதிரிகளும் இருந்துச்சே, ஸி துஹாமி. அதுல ஒண்ணுமில்லையே. முதல்ல தேடிப் பாத்துடறேன்."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று விட அவளுக்கு மனமில்லை. மாதிரிகள் தொட்ட பொருளையெல்லாம் வரிசைப்படி அளந்தாள். பொடிக்கும் கல்லுரலைத் துடைத்த பஞ்சு, உலர்த்தும் அடுப்பின் தட்டு, பொதிந்த காகிதம், வெட்டிய கத்தி, துலக்கிய தூரிகை எதிலும் குற்றமில்லை. மிஞ்சியது தோள்பை. ஷாத்லி இறந்தபின் அதனை அவள் எடுக்கவே இல்லை. வீட்டுக் கதவின் பின்னால் மாட்டியபடியே தொங்கிக்கொண்டிருந்தது. அதன் தோள்வாரில் அவன் கை வியர்வை படிந்திருந்தது. கத்தரிக்கோலை வைப்பதற்கு முன் அவள் வெகுநேரம் தயங்கினாள்.

வாரில் ஒன்றுமில்லை. உள்ளறையின் துணியிலிருந்து நூலளவு கத்தரித்துக் கருவியில் இட்டபோது, அது தாங்கமாட்டாமல் அளவுகோலின் உச்சியில் முட்டி நின்றது. அதனைச் சுட்டுச் சுட்டுச் சுத்தம் செய்யவே மறுநாள் முழுவதும் ஆயிற்று. துருக்கோட்டை ஒட்டிய கட்டிகள் விலைமதிப்பற்றவை என்பதால், அவற்றை மட்டும் அன்று அவள் அந்த உள்ளறையில் வைத்திருந்தாள். மலை ஏன் அந்த இடத்தில் எழுந்தது என்று விளங்கிவிட்டது.

உள்துணியின் தையலைப் பிரித்தாள். விரல் நீளமுள்ள நாணற்குழல் ஒன்று இருந்தது. இருபுறமும் தேன்மெழுகால் அடைத்திருந்தது. நடுவே, பையில் கிடந்த களப்பணிச் சுத்தியல் அழுத்தி விரிசல் விட்டிருந்தது. விரிசலோரம் கடுகினும் சிறிய வெள்ளித் துளிகள் ஒட்டி மினுங்கின.

கண்ணேறும் கெட்ட காற்றும் அண்டாமலிருக்கப் பாதரசக் குழலை ஆடையில் தைத்து அணிவதை அவள் அறியாதவள் அல்லள். இப்போது எவரும் பெரும்பாலும் செய்வதில்லை. ஆனால் வஸீலா செய்யக்கூடியவள். மன்னூபியாவுக்கு அதில் ஐயமே எழவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன், அதே ஓடையில் வேலை செய்துகொண்டிருந்தபோதுதான் அவள் வயிற்றிலிருந்த ஐந்து மாதக் கரு கலைந்தது. "உலகமே செத்த எடத்தக் கிளறினா அதுல இருக்கறது சும்மா இருக்குமா? கழுத்துல எதையாவது கட்டிக்கடி" என்று வஸீலா மருத்துவமனையிலேயே மன்றாடினாள். ஷாத்லிதான் எல்லாருக்கும் முன்னால் கைகொட்டிச் சிரித்தான்: "அக்கா, ஜின்னு கூட நம்ம ஊரு ஓடையில குடியிருக்காது. தண்ணி கனெக்ஷன் இல்ல!" மன்னூபியாவும் அன்று கண்ணீருக்கிடையில் சிரித்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காஃபுக்குப் போனாள். வஸீலா அடுப்பின் வாய்க்குள் தோள்வரை கைவிட்டு, உட்சுவரில் ரொட்டியை அறைந்துகொண்டிருந்தாள். வந்தவளின் முகத்தைப் பார்த்ததும் கையை உதறினாள்.

"என்னடி, முகம் வெளுத்துப் போச்சு? சாப்பிட்டியா இல்லையா? ஹரீஸா மொளகா விழுது இருக்கு, எண்ணெய் இருக்கு, ரொட்டி சூடா..."

மன்னூபியா கண்ணாடிக் குப்பியில் அடைத்த குழலையும், பிரித்தெடுத்த துணியையும் மாவுப் பலகையின்மேல் வைத்தாள்.

"இது என்ன லெல்லா?"

வஸீலா குனிந்து பார்த்தாள். தொடவில்லை.

"எனக்கா தெரியாது? பாதரசக் குழல். எங்க இருந்துச்சு?"

"என் பையில. நீங்க தைச்சு வச்சது."

"நானா?"

"வேற யாரு? என் வேலையே போச்சு லெல்லா! நான் தேடறதே பாதரசம். உலகத்துல வேற எதை வேணும்னாலும் தைச்சிருக்கலாம். மீன் எலும்பு, உப்பு, கருஞ்சீரகம், எதுன்னாலும்! கேட்டிருந்தா நானே கழுத்துல கட்டிக்கிட்டிருப்பேன். இப்ப அவரு பேரு இருக்கற கட்டுரையை என் கையாலேயே கிழிக்கணும். உங்க தம்பி பேரு! சந்தோஷமா?"

வஸீலா கோபப்படவில்லை. அதுவே மன்னூபியாவை முதலில் திகைக்கவைத்தது. அவள் ஈரக்கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு, அந்தத் துணியை மட்டும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். அதில் பிரித்த தையலின் ஒருபகுதி இன்னும் இருந்தது. விரலால் தடவினாள்.

"ஏண்டி, படிச்சவளே. எட்டு வயசுலேர்ந்து ஊசி பிடிக்கறேன். உன் கல்யாணத் துணிக்குக் கரை தைச்சவ நான். நான் தைச்சா இப்படியா இருக்கும்? பாரு நல்லா. இது நூலா? தோல் தைக்கற மெழுகு நூலு. ஒவ்வொரு தையலும் ஒரு கட்டைவிரல் தூரம். வண்டி சீட்டுக் கிழிஞ்சா ஒட்டுப்போடுவானே... அந்தத் தையல்டி இது."

மன்னூபியா பார்த்தாள். துறை வண்டியின் பின்னிருக்கையில் ஆண்டுக்கணக்காக முதுகு சாய்த்துப் போன தையல் அது. பிரித்த கை அவளுடையது. கண் எங்கே போயிருந்தது?

"அவரு இதெல்லாம் நம்ப மாட்டாரே," என்றாள். குரல் தாழ்ந்திருந்தது.

"நம்ப மாட்டான்தான். ஆஸ்பத்திரியில அம்புட்டுச் சிரிச்சானே. அப்புறம் ரெண்டு வருஷம் கழிச்சு, நீ மறுபடி அந்த ஓடைக்குக் கிளம்பறேன்னு சொன்ன வாரம், தனியா வந்தான். இங்கதான், நீ நிக்கற எடத்துலதான் நின்னான். 'அக்கா, அந்தக் குழல் எங்க கிடைக்கும்?' ஏண்டா, யாருக்குன்னு கேட்டேன். 'ஒரு ஃப்ரெண்டுக்கு'ங்கறான்! துனிஸ்ல மருந்துச்சரக்குக் கடைத்தெருவுல, பெரிய மசூதிக்குப் பின்னாடி ஒருத்தன் இருக்கான்னு சொன்னேன். நானே தைச்சுத் தரேன்டான்னேன். வேண்டாம், நீ அவகிட்ட சொல்லிடுவேன்னுட்டான்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ சிரிப்பேன்னு பயந்திருப்பான்."

அடுப்பில் ரொட்டி தீயும் மணம் வந்தது. வஸீலா திரும்பவில்லை. அவள் கண்களில் வேறெதோ ஏறியது; கோபம் இப்போதுதான் வந்தது.

"இன்னும் ஒண்ணு சொல்லட்டுமா? அந்த வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி ரமலான் மாசம் பூராவும் அவன் நெஞ்சைத் தேய்ச்சுக்கிட்டேதான் இருந்தான். இங்க வந்தப்போ படி ஏற முடியல. டாக்டர்கிட்ட போடான்னேன். 'அவ வேலை முடியட்டும், போறேன். இப்ப படுத்துட்டா வண்டிய யாரு ஓட்டுவா?'ன்னான். உனக்காகக் கடைத்தெரு தேடிப் போனானே, அந்த மசூதிக்கு எதுத்தாப்புலயே ஒரு டாக்டர் போர்டு தொங்குது. உள்ள போகல. ஏண்டி, ஆதம் நபி பொறக்கறதுக்கு முன்னாடி செத்த கடலுக்கு என்ன நோவுன்னு தோண்டித் தோண்டிப் பாத்தியே. பக்கத்துல படுத்திருந்தவனுக்கு என்ன நோவுன்னு ஒரு நாளாவது பாத்தியா?"

சொன்னதும் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். மன்னூபியா மாவுப் பலகையைப் பற்றியபடி நின்றாள். அவள் பார்க்கவில்லை என்பதே உண்மை. அந்த ரமலானில் அவள் துருக்கோட்டுக்குக் கீழுள்ள அடுக்குகளை அளந்துகொண்டிருந்தாள். அடி விழுமுன் தெரியும் நலிவின் அடையாளங்களைத் தேடிக்கொண்டிருந்தாள். நோன்பு திறந்தபின் அவன் மேசைக்கு எதிரே அமர்ந்து, பாதி உண்ட தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "மலை எழும்புதா?" என்று கேட்பான். "எழும்புது" என்று அவள் திரையிலிருந்து கண்ணெடுக்காமல் சொல்வாள்.

வஸீலா தீய்ந்த ரொட்டியை அடுப்பிலிருந்து பெயர்த்தெடுத்தாள். "இப்ப என்ன எழுதப் போறே?"

"நடந்ததை எழுதணும்."

"எழுதாதடி. உன் கையப் பிடிச்சுக் கேக்கறேன். வெள்ளைக்காரங்க முன்னாடி எந்தம்பியைத் தாயத்துக் கட்டின முட்டாள்னு எழுதாத. டிரைவர் பேரு எதுக்குன்னு சிரிச்சாங்கன்னு நீதானே சொன்னே? பாத்தியா, நாங்க சொன்னோம்ல அப்படீம்பாங்க."

மன்னூபியா வாக்கு ஏதும் கொடுக்காமல் குப்பியையும் துணியையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

துனிஸ் திரும்பியதும் துஹாமியிடம் குப்பியைக் காட்டினாள். அவர் முதலில் அதிர்ந்தார். பிறகு அவருக்குரிய பரிவோடு வழி சொன்னார். அவர் கெட்டவர் அல்லர்.

"ஒரு வேலை பண்ணு. முதல்ல ஆசிரியர் வரிசையிலேர்ந்து ஷாத்லி பேர எடுத்துடறோம்னு பத்திரிகைக்கு எழுது. தவறுதலா சேத்துட்டோம்னு. அடுத்த மாசம் கட்டுரையத் திரும்ப வாங்கிக்க. காரணம், சேமிப்பில் நேர்ந்த மாசு. அவ்வளவுதான். செத்தவர எதுலயும் இழுக்க வேண்டாம். உனக்கு ஒரு அடி, அதுவும் ஆறிடும்."

"சேமிப்புன்னா ஃபர்ஜானின்னு எல்லாரும் நினைப்பாங்க. கிடங்கு அவன் பொறுப்பு."

"பேரு போட மாட்டோமே."

"பேரு போடலேன்னாலும் இங்க எல்லாருக்கும் தெரியும், ஸி துஹாமி."

"அப்போ தாயத்துன்னு எழுதுவியா? ஆய்வுக்கூடத்துல தாயத்து! யோசிம்மா. நம்ம நாட்டைப் பத்தியே என்ன நினைப்பாங்க?"

அவள் யோசித்தாள். பல நாள்கள் யோசித்தாள். பெயரை எடுத்துவிட்டால் பழி இல்லை, பெயரும் இல்லை. அவன் குழி வெட்டியதும் இல்லை, மறுபாதியைச் சுமந்ததும் இல்லை, தன் நெஞ்சுவலியை மறைத்து வண்டியோட்டியதும் இல்லை என்றாகிவிடும். பெயரை வைத்தால் அது குற்றத்தோடு சேர்ந்தே நிற்கும். குற்றமில்லாத பெயராக அதனை எங்கேயும் நிறுத்த இயலாது. இந்தக் கணக்கை எப்படிப் போட்டாலும் அவளுக்கு நட்டமே மிஞ்சியது. இறுதியில் அவள் எழுதியது, கட்டுரையைத் திரும்பப் பெறும் அறுதியான, சுருக்கமான அறிவிப்பு. வரைவைப் பார்த்த பத்திரிகை, அதற்கு இறந்த ஆசிரியரின் குடும்பத்தார் ஒப்புதல் வேண்டும் என்று கேட்டது. மனைவி என்ற முறையில் அவள் ஒப்புதலே போதுமானது. ஆயினும் வஸீலாவை மீறி அனுப்ப அவளுக்குக் கை வரவில்லை. மீண்டும் காஃபுக்கு வேன் ஏறினாள்.

இம்முறை வஸீலா சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. தேநீர்க் குவளையை நீட்டிவிட்டு, மாவுப் பலகைக்கு அப்பால் உட்கார்ந்தாள்.

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேன். ஒப்புதல் இன்னும் அனுப்பல. உங்ககிட்ட படிச்சுக் காட்டணும்."

"எனக்கு அந்தப் பாஷை தெரியாதே."

"நம்ம பேச்சுல சொல்றேன்."

மன்னூபியா ஒவ்வொரு வாக்கியமாகப் பெயர்த்துச் சொன்னாள். "இந்தக் கட்டுரையில நாங்க சொன்ன பாதரச ஏத்தம் கடலோடது இல்ல. மாதிரிகள் வச்சிருந்த பையோட உள்துணியில, பாதரசம் அடைச்ச நாணல் குழல் ஒண்ணு தைச்சிருந்துச்சு. முதல் ஆசிரியருக்கு ஒரு ஆபத்தும் வரக்கூடாதுன்னு, அவங்களுக்குத் தெரியாம, ரெண்டாவது ஆசிரியர் அதைத் தைச்சிருந்தார். ஆய்வுக்கூடத்துல வேலை செய்யற யாருக்கும் இதுல பங்கு இல்ல. மறுபாதிகள்ல ஏத்தம் இல்ல. அதனால கட்டுரையைத் திரும்ப எடுத்துக்கறோம்."

"ரெண்டாவது ஆசிரியர்னா அவனா?"

"அவருதான்."

"முதலாவது நீ."

"ஆமா."

"உனக்கு ஒரு ஆபத்தும் வரக்கூடாதுன்னு... அப்படியே எழுதியிருக்கியா? அதே வார்த்தையில?"

"அதே வார்த்தையில. அந்த வரி தேவையா, எடுத்துடலாமேன்னு பத்திரிகையில கேட்டாங்க. எப்படி வந்து சேர்ந்துச்சுன்னு சொல்லாம மாசைப் பத்திச் சொல்ல முடியாதுன்னு பதில் எழுதினேன்."

வஸீலா பலகையில் சிதறியிருந்த மாவை உள்ளங்கையால் ஓரத்துக்குக் கூட்டினாள், மீண்டும் பரப்பினாள், மீண்டும் கூட்டினாள்.

"திரும்ப எடுத்துட்டா, பேரு போயிடுமா?"

"போகாது. குறுக்க ஒரு முத்திரை விழும். அடியில பேரு தெரியும். ரெண்டு பேரோடதும்."

"இதை யாரு படிப்பாங்க?"

"பாதரசம் அளக்கறவங்க எல்லாரும் படிப்பாங்க. நாளைக்கு அவங்களுக்கு இப்படி ஒரு ஏத்தம் வந்துச்சுன்னா, நம்பறதுக்கு முன்னாடி..."

"முன்னாடி?"

"பையைப் பிரிச்சுப் பாப்பாங்க."

"தனக்கு யாராவது எதையாவது தைச்சு வச்சிருக்காங்களான்னா?"

"ஆமா."

வஸீலா எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். உலகத்தின் எந்தெந்த மூலையிலோ, முகம் தெரியாத மண்தின்னிகள் மேசையில் குனிந்து, தத்தம் பைகளின் உள்துணியைக் கத்தரிப்பதை அவள் கண்டிருக்கக்கூடும்.

"பாவம்டி," என்றாள். "நெறையப் பேருக்கு ஒண்ணுமே இருக்காது."

வாயிலில் ரொட்டிக்கு ஆள் வந்து குரல் கொடுத்தது. வஸீலா முழங்காலில் கையூன்றி எழுந்தாள். "அனுப்பு" என்று சொல்லிவிட்டு அடுப்பை நோக்கிப் போனாள்.

மன்னூபியா சுவரோரம் இருந்த மாவு மூட்டையின்மேல் உட்கார்ந்து, கைபேசியை எடுத்து, ஒப்புதலை அங்கிருந்தே அனுப்பினாள். விரல் பட்டதும் அது போய்விட்டது. அடுப்பின் வாயில் வஸீலா யாரிடமோ, மாவு இன்று சரியாகப் புளிக்கவில்லை என்று உரக்கக் குறைப்பட்டுக்கொண்டிருந்தாள். குரல் இடையிடையே அறுந்தது.